சீட்டில் இல்லாதது

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் டயட்டக்கா. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பெரிய டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது மாடிச் சமையல் கூடத்தில் பொதுச் சமையல் ஒரு பக்கம் நடக்கும். அண்டாவும் ஆவியும் கூச்சலுமாகக் கிடக்கும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆறு சின்ன அடுப்புகள். உப்பில்லாதது, சர்க்கரையில்லாதது, கொழுப்பில்லாதது, பல்லில்லாதவர்களுக்கு மசித்தது என்று ஊரில் யாரும் விரும்பிச் சாப்பிடாததையெல்லாம் அங்கே சமைப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

"என் சம்சாரம் என்ன சமைப்பான்னு கேக்காதீங்க. என்ன இல்லாம சமைப்பான்னு கேளுங்க" என்பார் அவள் கணவர். அவர் லிப்ட் மெக்கானிக். எந்த வீட்டு விஷயத்தையும் லிப்டை வைத்துத்தான் யோசிப்பார், லிப்டை வைத்துத்தான் பேசுவார். முப்பத்துமூன்று வருடத்தில் அவளுக்கு அது பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்வது.

காலை ஏழு மணிக்கு மஞ்சள் சீட்டுகள் வரும். படுக்கை எண், நேரம், பொருள், எடை. சீட்டில் எழுதியிருப்பது மட்டும்தான் பாத்திரத்தில் விழ வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் கெஞ்சுகிறார் என்று வார்டு ஆயா வந்து சொல்ல, மனசு கேட்காமல் சூப்பில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டாள். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றோடு சரி. அப்புறம் சீட்டில் இல்லாத மிளகு ஒன்றுகூட அவள் கையிலிருந்து விழுந்ததில்லை.

சாப்பிடுகிறவர்களை அவள் பார்ப்பதே கிடையாது. பார்ப்பது திரும்பி வரும் தட்டுகளை. ரொட்டியின் நுனியை மட்டும் கடித்தவர், காகிதக் கைக்குட்டைக்கு அடியில் கேரட்டை ஒளித்து வைத்தவர், சாப்பிட்டதுபோல் தெரியட்டும் என்று மசித்த உருளைக்கிழங்கை ஓரமாக அப்பி வைத்தவர் என்று எல்லாரையும் தட்டை வைத்தே தெரியும். முதல் இரண்டு நாள் தட்டு அப்படியே திரும்பினால் அவள் கவலைப்பட மாட்டாள். பத்து நாள், பதினைந்து நாள் என்று இரண்டு வாய் மட்டும் குறைந்த தட்டு வந்துகொண்டே இருந்தால் அந்தப் படுக்கை எண்ணைத் தனியாகக் குறித்து வைப்பாள். அந்தப் படுக்கைகள் எப்படிக் காலியாயின என்று அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

இப்போது அந்த மாதிரித் தட்டு அவள் வீட்டிலேயே திரும்புகிறது. ஐந்து வாரமாக.

மகனுக்கு முப்பத்தொரு வயது. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. கல்யாணமாகி மூன்று வருடம். பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளி, மனைவியோடு இருந்தான். ஒருநாள் மத்தியானம் ஒற்றைப் பையோடு வந்து நின்று, "சும்மா ஒரு வாரம் இருந்துட்டுப் போறேம்மா" என்றான். பழைய அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வாரம் ஐந்து வாரமாயிற்று. கூப்பிட்டால் வருவான், உட்காருவான், இரண்டு வாய் சாப்பிடுவான். "நல்லாருக்கும்மா, போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம். இவ்வளவு மரியாதையாக ஒருவன் சாப்பிடாமல் இருந்தால் என்ன செய்வது? கன்னம் ஒட்டிவிட்டது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தான். துணி துவைக்கும்போது அதைப் பார்த்த டயட்டக்கா, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

யார் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மருமகள்தான். துரத்திவிட்டாள். அதற்குச் சாட்சி எதுவும் இல்லை, மகன் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஆனாலும் காய் நறுக்கும் பெண்ணிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளுகிறவர்வரை எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். மருமகள் இரண்டு தடவை போன் செய்தாள். டயட்டக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டே, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமளா போய்த் தோண்டக் கூடாது" என்றார் லிப்ட்காரர். "கதவு தானா தொறக்கணும். அவசரப்பட்டுக் கம்பிய வச்சு நெம்பினா, அப்புறம் அந்தக் கதவு சரியா மூடவும் மூடாது, தொறக்கவும் தொறக்காது."

"உங்க லிப்டுல மாட்டினவன் கத்துவான், மணி அடிப்பான். இவன் சத்தமே போடலையேங்க."



வேறு வழி தெரியாமல்தான் லசானியா ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமான முதல் வருடம் இருவரும் வந்திருந்தபோது, மருமகள் இந்தச் சமையலறையில் அதைச் செய்தாள். தட்டையான மாவு ஏடு, மேலே கோழியும் காய்களும், அதன் மேல் வெள்ளை சாஸ், மறுபடி ஏடு என்று அடுக்கி, உச்சியில் சீஸைத் தூவி ஓவனில் வேக வைத்தாள். "என்னம்மா இது, இஸ்திரி போட்ட துணிய அடுக்கி வச்ச மாதிரி இருக்கு" என்று மாமியார் சொல்ல, மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகன் அன்றைக்கு மூன்று துண்டு சாப்பிட்டான். ஊருக்குப் போனபின் மருமகள் செய்முறையை நாலு நிமிஷம் பேசி போனில் அனுப்பி வைத்தாள். இரண்டு வருடமாக அது போனிலேயே கிடந்தது.

கோபம் ஆள் மேல்தானே, அடுக்கின மாவு என்ன பாவம் செய்தது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டாள். ஏழு தடவை. பழைய மஞ்சள் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில், ஆஸ்பத்திரி முறைப்படி, பொருள், எடை, நேரம் என்று எழுதினாள். யாராவது கேட்டால் டி.வி.யில் பார்த்தது என்று சொல்லிவிடலாம்.

வாராந்தர விடுமுறை நாளில் காலையிலேயே கடைக்குப் போனாள். ஏடு ஒரு பெட்டி, எலும்பில்லாத கோழி அரைக் கிலோ, குடைமிளகாய், கேரட், காளான், தக்காளி, பால். வெண்ணெய் அலமாரியிலும் சீஸ் அலமாரியிலும் அவள் கை யோசிக்காமல் போய், பின்னால் அச்சடித்ததைப் படித்து, உப்புச் சேர்க்காததையே எடுத்தது. ஆஸ்பத்திரி ஸ்டோருக்கு இருபத்தாறு வருடம் சாமான் பார்த்து வாங்கிய கை.

வீட்டு ஓவன் வாடகை வீட்டோடு வந்தது. மருமகள் உபயோகித்ததற்கு அப்புறம் அது வாணலிகளின் குடியிருப்பாக இருந்தது. லிப்ட்காரர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டு, மண்டியிட்டு, மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"மேல் கம்பி சூடாகுது. கீழ் கம்பிக்கு ஒரு ஸ்க்ரூ லூசு. ரெண்டே நிமிஷம்."

ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்போது அவருக்குப் போன் வந்தது. நீதிமன்றத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வக்கீலும் அவருடைய கட்சிக்காரரும் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்களாம். "சீக்கிரம் போகலன்னா, வெளியில வரும்போது அந்த ஆள் வேற வக்கீல் வச்சிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

டயட்டக்கா சீட்டை அடுப்புக்கு மேல் ஒட்டி வைத்தாள். கோழியை வேக வைத்து, ஆறியதும் நாராகப் பிய்த்தாள். வெங்காயம், பூண்டு, பிறகு காய்கள், பிறகு தக்காளி. தண்ணீர் வற்றும்வரை வதக்கிக் கோழியைச் சேர்த்து, மிளகைத் தட்டிப் போட்டாள். இன்னொரு பக்கம் வெண்ணெயில் மைதாவை வாசனை வரும்வரை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டிதட்டாமல் கிண்டினாள். சீட்டில் ஜாதிக்காய் ஒரு சிட்டிகை என்று இருந்தது. போட்டாள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது.

ஏடுகளைக் கொதிநீரில் எட்டு நிமிஷம் போட்டு எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஈரத்துணியில் பரப்பினாள். ஒன்று கிழிந்தது. ஒட்டுப் போட்டு நடு அடுக்கில் ஒளித்தாள். கோழிக் கலவையைத் தராசில் வைத்து நாலு சமபங்காகப் பிரித்தாள். வீட்டுச் சமையலுக்கு யாராவது தராசு வைப்பார்களா என்றால், அவள் வைப்பாள். கடைசி அடுக்கில் சீஸைத் தூவி, மேலே அலுமினியத் தாளை மூடி, நூற்றெண்பது டிகிரியில் இருபத்தைந்து நிமிஷம். தாளை எடுத்துவிட்டு இன்னும் பதினைந்து நிமிஷம்.

தாளை எடுத்த கொஞ்ச நேரத்தில் வாசனை கூடத்துக்குப் போனது. அறைக்கதவு திறந்தது. மகன் வந்து சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றான். கூப்பிடாமல் அவன் வெளியே வந்தது ஐந்து வாரத்தில் இதுதான் முதல் தடவை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவானோ என்று பயம்.

"என்னம்மா இது?"

"சும்மா. டி.வி.ல பாத்தேன்."

அவன் ஓவன் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். உள்ளே விளிம்பு பொன்னிறமாகி, ஓரத்தில் சாஸ் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.  அறைக்குத் திரும்பவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தான்.

வக்கீலை இறக்கிவிட்டுத் திரும்பிய லிப்ட்காரர் கைகழுவிவிட்டு வந்து உட்காரவும், அவள் தட்டுக்கு ஒரு துண்டாக வெட்டி வைக்கவும் சரியாக இருந்தது. அடுக்குகள் குலையாமல் வந்தன. டயட்டக்கா தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றுவதுபோல நின்றுகொண்டு மகன் வாயையே பார்த்தாள். இதையும் இரண்டு வாய் தின்றுவிட்டு "நல்லாருக்கும்மா, போதும்" என்று சொன்னால், அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. அவள் கையில் இருந்த கடைசிச் சீட்டு இதுதான்.

அவன் ஒரு வாய் போட்டான். மென்றான். நிறுத்தினான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா."

"என்னடா?"

"இதுல உப்பே இல்லம்மா."

"சும்மா சொல்லாத."

"நான் ஏம்மா சும்மா சொல்றேன். துளிகூட இல்ல. அப்பா, நீங்க பாருங்க."

லிப்ட்காரர் ஒரு பெரிய வாயாக எடுத்துப் போட்டு, கண்ணை மூடி யோசித்தார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். "உப்பு இந்தத் தெருப் பக்கமே வரல."

இங்கே அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உப்பில்லாச் சமையலில் ஊறி ஊறி டயட்டக்காவின் நாக்குக்கு உப்புக் கணக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அதனால் அந்த வீட்டில் அவள் சமைப்பாள். சமைத்து முடித்ததும் லிப்ட்காரர் வந்து பாத்திரம் பாத்திரமாக ருசி பார்த்து உப்புப் போடுவார். யாரும் பேசி ஏற்படுத்தின ஏற்பாடு இல்லை. பல் விளக்குவதுபோல அது தினமும் நடந்தது, அதனால் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. இன்றைக்கு அவள் சமைத்த நேரத்தில் உப்புப் போடுகிறவர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் வக்கீலை மீட்டுக்கொண்டிருந்தார்.

டயட்டக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் வேலையில் யாரும் குறை சொல்லி இருபத்தைந்து வருடம் ஆகிறது. "எழுதியிருந்ததெல்லாம் போட்டேன். ஒண்ணு விடல. இந்தா, நீயே பாரு" என்று அடுப்புக்கு மேலிருந்த சீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் செய்த முட்டாள்தனம் உறைத்தது. எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் அவன் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

பொருளும் எடையுமாக எழுதியிருந்த சீட்டில், ஓரிடத்தில் மட்டும் அவளுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் கேட்டதை அப்படியே எழுதியிருந்தாள்: சாஸ் கரண்டிக்குப் போர்வை போர்த்தின மாதிரி ஒட்ட வேண்டும். அவன் அந்த வரியில் விரலை வைத்தான்.

"இது அவ சொன்னதா?"

டி.வி. என்று சொல்ல வாயைத் திறந்தாள். முழுப் பூசணிக்காயை எதில் மறைப்பது? "ஆமாடா" என்றாள்.

அவன் சீட்டைப் புரட்டினான். முன்பக்கத்தில் யாரோ ஒரு நோயாளியின் படுக்கை எண் இருந்தது. மறுபடி புரட்டினான்.

"அவ சொன்னா அதுல உப்பு வராதும்மா" என்றான். "அங்க உப்புப் போடறது நான். அப்பா போடறதப் பாத்தே வளந்தேனா, கல்யாணமான புதுசுல நானா போய் எல்லாத்துலயும் ருசி பாத்துப் போட ஆரம்பிச்சேன். முதல்ல திட்டினா. அப்புறம் விட்டுட்டா. இதுக்கு மட்டும் ஒவ்வொரு அடுக்குக்கும் கூப்பிடுவா. 'வாங்க, உங்க டிபார்ட்மெண்ட்'னு."

சொல்லிவிட்டு அவன் உப்பு டப்பாவை இழுத்துக்கொண்டான். முள்கரண்டியால் மேல் ஏட்டைத் தூக்கி ஒரு சிட்டிகை, அடுத்த ஏட்டைத் தூக்கி ஒரு சிட்டிகை என்று அடிவரை போட்டு, மறுபடி மூடினான். சாப்பிட ஆரம்பித்தான். மூன்றாவது வாய், நாலாவது வாய். டயட்டக்கா எண்ணிக்கொண்டிருந்தாள்; ஐந்துக்கு மேல் எண்ண முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"துரத்திவிட்டுட்டு இப்ப நிம்மதியா இருப்பா" என்றாள். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் ஐந்து வாரமாக அடைத்து வைத்தது.

அவன் மெல்வதை நிறுத்தவில்லை. விழுங்கிவிட்டுச் சொன்னான். "அவ என்னைப் போகச் சொல்லலம்மா. நானா வந்தேன்."

"ஏன்டா?"

"ஒரு சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை. அதுல நான் வார்த்தைய விட்டுட்டேன்."

"என்ன சொன்ன?"

"கேக்காதம்மா. உன்கிட்டகூட சொல்ல முடியாது." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவ திருப்பி ஒண்ணும் பேசல. ரெண்டு தட்டையும் கழுவி வச்சா. லைட்ட அணைச்சிட்டுப் போய்ப் படுத்துட்டா. காலையில அந்த முகத்தப் பாக்க எனக்கு யோக்கியதை இல்ல. அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். அப்புறம் அவ போன் பண்ணா எடுக்கவே இல்ல. என்ன சொல்லி எடுக்கறது?"

 டயட்டக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். காய் நறுக்கும் பெண்ணிடமும், சிலிண்டர்காரரிடமும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருத்தியிடமும் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது.

"எனக்கும் ரெண்டு தடவ போன் பண்ணா" என்றாள். "நான் எடுக்கல."

மகன் அவளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். "நீயும் என்னை மாதிரிதான்" என்று மட்டும் சொன்னான்.

"யார் மாதிரி யாருங்கறத அப்புறம் பேசிக்கலாம்" என்றார் லிப்ட்காரர். "அஞ்சு வாரமா அந்தப் பொண்ணு தனியா மணி அடிச்சிட்டு இருந்திருக்கா. மூணு பேரும் இங்க உக்காந்திருக்கோம்."

 மகனின் தட்டு காலியாகியிருந்தது. இன்னொரு துண்டை அவனாகவே வெட்டி வைத்துக்கொண்டான்; அடுக்கடுக்காக உப்புப் போட்டான்; அதையும் முழுக்கச் சாப்பிட்டான். கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"மூணரைக்கு ஒரு பஸ் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் அப்பா.

"அவ கதவத் தொறக்கலன்னா?"

"தொறக்கற வரைக்கும் வாசல்ல உக்காரு. பசிச்சா இருக்கவே இருக்கு இது" என்று ஓவன் தட்டைக் காட்டினார்.

அவன் பையை எடுக்கப் போனான். டயட்டக்கா எழுந்தாள். தட்டில் மிச்சம் ஆறு துண்டுகள் இருந்தன. எதுவும் கலையாமல் பெரிய டப்பாவுக்கு மாற்றினாள். அந்தப் பெண் வாயில் வைக்கப்போவது இது. உப்பில்லாமல் எப்படிக் கொடுத்தனுப்புவது? உப்பு டப்பாவைத் திறந்தாள். மேல் ஏட்டைத் தூக்கினாள். எவ்வளவு என்றுதான் தெரியவில்லை.  "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

அவர் வருவதற்குள் மகன் பையோடு வந்துவிட்டான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வேண்டாம்மா, அப்படியே மூடிக் குடு" என்றான். "அங்க போய் நான் போட்டுக்கறேன்."